கறுப்பாக ஒரு பறவை வந்தது



கார்த்திகை இதழின் கடைசிப் பக்கத்தில், ‘உங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் பற்றி எழுதுங்கள்’ என்று நாலு வரி அறிவிப்பு ஒன்று போட்டிருந்தோம். உண்மையைச் சொன்னால், பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் போட்டது. அதற்கு வந்து குவிந்த அஞ்சலட்டைகளையும் மின்னஞ்சல்களையும் செல்போன் படங்களையும் பார்த்தபின், இதழில் வேறு எதையும் யாரும் படிக்கவில்லையோ என்று எங்கள் உதவி ஆசிரியருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒரே கேள்வி: ‘இது என்ன பறவை?’ தொடக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். ‘கறுப்பாக ஒரு பறவை வந்தது.’ ‘மஞ்சளாக, சின்னதாக ஒரு குருவி தினமும் செம்பருத்திக்கு வருகிறது.’ ‘பழுப்பு நிறத்தில் ஒன்று கீழே குப்பையைக் கிளறுகிறது.’ பல கடிதங்கள் அதோடு முடிந்துவிடுகின்றன. பெயரை மட்டும் ஆசிரியர் சொல்ல வேண்டும்!

கறுப்பு என்று மட்டும் சொன்னால் எத்தனை பறவைகள் வந்து நிற்கின்றன பாருங்கள். கழுத்து சாம்பலாக இருக்கும் வீட்டுக் காகம், முழுக்கக் கறுத்த அண்டங்காக்கை, ஆண் குயில், நாம் இரட்டைவால் குருவி என்கிற கரிச்சான், சுவரோரம் வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் கருஞ்சிட்டு, நிழலில் உட்கார்ந்த தேன்சிட்டு. வீட்டுக் காகம் ஏறத்தாழ 16 அங்குலம் இருக்கும். தேன்சிட்டு 4 அங்குலம். இரண்டுமே கறுப்புதான். அதனால் ஒரு பறவையின் அடையாளத்தில் நிறத்தை நான் கடைசியில்தான் கேட்பேன். எழுதிய எல்லோருக்கும் தனித்தனியே பதில் போட இயலாது. இந்தப் பக்கத்தையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது அளவு. அதற்கு ஸ்கேலும் சென்டிமீட்டரும் வேண்டாம். சிட்டுக்குருவி, மைனா, காகம் மூன்றும் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ‘மைனாவைவிடச் சின்னது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது’ என்று ஒருவர் எழுதிவிட்டாலே பாதிப் பறவைகள் விலகிவிடும். அடுத்தது அலகு: குட்டையா, நீளமா, நேரா, வளைவா, கொக்கி உண்டா. அதற்கடுத்து வால், உட்காரும் விதம், எந்த மரத்தில் எந்த உயரத்தில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. எந்த மாதம் என்பதும் முக்கியம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் வெளியிட்டிருக்கும் மெர்லின் செயலியைச் சிலர் செல்போனில் வைத்திருப்பீர்கள். அது கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள்: எங்கே பார்த்தீர்கள், என்றைக்குப் பார்த்தீர்கள், எவ்வளவு பெரிது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது. ஐந்தில் நிறத்துக்குக் கிடைத்த இடம் ஒன்றே ஒன்று.

கறுப்புப் பறவைக் கடிதங்களுக்கு வருகிறேன். கறிவேப்பிலை மரத்தில் பழம் தின்றதாக எழுதியவர் பார்த்தது ஆண் குயில். பப்பாளியில் பார்த்தவருக்கும் அதுவே பதில். குயிலுக்குப் பழம்தான் முக்கிய உணவு. கண் இரத்தச் சிவப்பு. அலகு வெளிர் பச்சை. கரிச்சான் பழத்தை நாடி வராது. அது மின்கம்பியிலோ கொடிக்கம்பத்திலோ மாட்டின் முதுகிலோ நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பூச்சி கண்ணில் பட்டதும் பாய்ந்து பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், இந்தப் போக்குவரத்து தெரிந்துவிடும். வால் நுனி இரண்டாகப் பிரிந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்தான். ஆனால் இளம்பறவையிலும் இறகு உதிர்க்கும் காலத்திலும் அந்தப் பிளவு சரியாகத் தெரியாது. வாயின் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது குளிர்காலமாதலால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரங்கள் அடர்ந்த தோட்டங்களுக்கு இந்த மாதங்களில் சாம்பல் கரிச்சான் வலசை வந்திருக்கும். சற்று மங்கிய ஈய நிறம், சிவந்த கண். வெட்டவெளிக் கம்பியைவிட மரக்கிளை அதற்குப் பிடிக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருக்கிறார். பழுப்பு உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாலில் வரிவரியாகப் பட்டை, சிவந்த கண். ‘பருந்தில் ஏதாவது ஒரு வகையா? காக்கைகள் துரத்துகின்றன’ என்று கேட்டிருக்கிறார். அம்மா, அது பெண் குயில். கூவுவது ஆண், பெண்ணின் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று விட்டுவிட்டு வெடிக்கும். காக்கைகள் துரத்துவதற்குக் காரணம் ஊரறிந்தது, அவற்றின் கூட்டில்தானே இது முட்டையிடப் போகிறது! உங்கள் வீட்டு வேம்பில் காக்கைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

கறுப்பும் வெள்ளையுமாக வருபவை பற்றியும் நாலைந்து கடிதங்கள். விடிகாலையில் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்று நீளமாகப் பாடுவது, வாலைச் செங்குத்தாகத் தூக்குவது, வயிறு வெள்ளை, இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டை என்றால் குண்டுகரிச்சான். பெயரில் கரிச்சான் இருந்தாலும் இரட்டைவால் கரிச்சானுக்கு உறவில்லை. வயிறும் கறுப்பு, தோளில் மட்டும் வெள்ளைத் தீற்று, வாலடியில் செங்கல் நிறம் என்றால் கருஞ்சிட்டு. அதற்குத் தோட்டத்தைவிடக் கல்லும் கரடுமான இடம் உகந்தது. மொட்டை மாடியில் ஓடி ஓடி நின்று வாலை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருந்தால், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவமும் இருந்தால், அது வெண்புருவ வாலாட்டி. நீர்நிலைப் பறவைதான், இப்போதெல்லாம் மாடித் தொட்டிகளையும் தேடி வருகிறது.

இனி தேன்சிட்டு. கடிதங்களில் அதிகமானவை இதைப் பற்றியவைதான். எழுதியவர்களில் பாதிப் பேர் ‘ஹம்மிங் பேர்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் தோட்டத்தில் பூவுக்குப் பூ தாவுவது வேறு குடும்பம். நம்முடையது சில சமயம் பூவின் முன்னால் சிறகடித்து நிற்கும் என்றாலும், காம்பிலோ கிளையிலோ உட்கார்ந்து உறிஞ்சுவதே அதன் வழக்கம். செம்பருத்திபோல் நீளமான பூவானால் அலகை மேல் வழியாக நுழைக்காமல், அடிப்பக்கத்தில் பொத்தல் போட்டுத் தேனை எடுத்துவிடும். உங்கள் செம்பருத்திப் பூவின் அடியில் சின்னக் கீறல் இருந்தால் புழுவைத் திட்டாதீர்கள்.

சமவெளித் தோட்டங்களுக்கு வரும் தேன்சிட்டுகள் முக்கியமாக மூன்று. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. மூன்றிலும் ஆண்களைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. வயிறு பளிச்சென்று மஞ்சள், தலை உச்சியில் பச்சை மினுக்கம், முதுகு அரக்குச் சிவப்பு என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. பெயரில் இருக்கும் ஊதா தொண்டையிலும் வாலுக்கு மேலேயும் தெரியும். மற்ற இரண்டும் தூரத்தில் வெறும் கறுப்பு. வெயில் படும்போதுதான் நீலமும் ஊதாவும் பச்சையும் கிளம்பும். அந்த மினுக்கம் இறகில் பூசிய சாயத்தால் வருவதன்று, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் நிறமும் போய்விடும். ‘காலையில் நீலமாக இருந்தது, மத்தியானம் கறுப்பாகிவிட்டது, இரண்டும் ஒரே பறவையா?’ என்று கேட்ட திருநெல்வேலி வாசகருக்கு இதுதான் பதில்: ஒரே பறவையாக இருக்கலாம், தாராளமாக.

ஊதாத் தேன்சிட்டையும் லோட்டனையும் பிரிக்க அலகைப் பாருங்கள். லோட்டனின் அலகு நீளம், அரிவாள் வளைவு, தலைக்குப் பொருந்தாத நீளமோ என்று தோன்றும். ஊதாத் தேன்சிட்டின் அலகு குட்டை, வளைவும் குறைவு. அடுத்து வயிறு. லோட்டனின் மார்பில் அகலமாக ஓர் அரக்குப் பட்டை ஓடும்; அதற்குக் கீழே வயிறு புகைபிடித்த பழுப்பு. ஊதாத் தேன்சிட்டுக்கு வயிறுவரை கறுநீலம். இந்தப் பெயருக்குரிய லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவர். ஆட்சி ஒருபுறம் இருக்க, பீட்டர் கொர்னேலிஸ் டி பெவரே என்ற ஓவியரை வைத்து அங்குள்ள பறவைகளையும் விலங்குகளையும் வரைய வைத்தார். 1766இல் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது லோட்டனின் பெயரையே வைத்தார். ஆளுநர்கள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். இவர் பெயர் நம் முருங்கைப் பூவில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பெண்களிடம்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். மூன்றிலும் பெண் பறவை மேலே மங்கிய பழுப்பு, கீழே மஞ்சள். நிறத்தை நம்பினால் விடிய விடியப் பார்த்தாலும் முடிவு வராது. இங்கே தொண்டையைப் பாருங்கள். தொண்டை சாம்பல் கலந்த வெள்ளையாகவும் மார்பு மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண். தொண்டையிலிருந்தே மஞ்சள் தொடங்கினால் மற்ற இரண்டில் ஒன்று. அவற்றில் எது என்பதை மறுபடியும் அலகின் நீளம் சொல்லும். இதோடு விட்டதா என்றால் இல்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் ஊதாத் தேன்சிட்டு தன் கறுநீலத்தைக் களைந்துவிட்டுப் பெண்ணைப்போல் மஞ்சளுக்கு மாறிக்கொள்ளும். அப்போது மோவாயிலிருந்து வயிறுவரை நடுவே ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். ‘டை கட்டிய குருவி’ என்று கோவையிலிருந்து ஒரு பள்ளி மாணவி எழுதியிருந்தாள். எந்தக் கையேட்டு வருணனையையும்விட இது எனக்குப் பிடித்தது. நிறம் மாறிக்கொண்டிருக்கும் நாட்களில் அங்கங்கே நீலத் திட்டுகளோடு கந்தல் கட்டிய கோலத்தில் வரும். நோய் என்று பயந்து எழுதியவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தேன்சிட்டைப் பற்றி எழுதிய சிலர் உண்மையில் பார்த்தது மலர்கொத்தியாக இருக்க வேண்டும். தேன்சிட்டைவிடவும் சின்னது, 8 சென்டிமீட்டர்தான். இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. மினுக்கம் கிடையாது; சாம்பல் கலந்த மங்கிய பச்சை; அலகு குட்டை, வெளிறிய இளஞ்சிவப்பு. ‘சிக் சிக்’ என்று ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே கிளை மாறும். வீட்டில் தேன்பழ மரம் இருந்தால், அதுதான் சிங்கப்பூர் செர்ரி என்று விற்கிறார்களே அந்த மரம், நிச்சயம் வரும். மாமரத்தில் புல்லுருவி பிடித்திருந்தாலும் வரும். புல்லுருவிப் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையை அடுத்த கிளையில் விட்டுப் போவது இதுதான். மாமரம் வைத்திருப்பவர்களுக்கு இதன்மேல் வருத்தம் இருப்பது நியாயமே.

மஞ்சளில் இன்னும் சில உண்டு. மாமரத்தின் இலைகளுக்குள் தலைகீழாகத் தொங்கிப் புழு தேடும் மஞ்சளும் கறுப்புமான சின்னப் பறவை, இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடு என்றால் மாம்பழச்சிட்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டுக் கூட்டமாக வந்து கூட்டமாகப் போவது வெள்ளைக்கண்ணி. மைனா அளவில் தங்க மஞ்சளாக வந்தால் மாங்குயில். அதில் தலை முழுக்கக் கறுப்பா, கண்ணுக்குக் குறுக்கே மட்டும் கறுப்புப் பட்டையா என்பதை எழுதி அனுப்புங்கள், இரண்டும் இரண்டு இனம்.

எனக்கு மிகவும் பிடித்த குழப்பம் ஒன்று இருக்கிறது. அதில் ஏமாறுவது நாம் மட்டுமில்லை, பறவைகளும்தான். தோட்டத்தில் திடீரென்று அணிலும் குருவியும் கத்திக் கலவரமாகும். மேலே சாம்பல், மார்பில் செம்பழுப்புப் பட்டைகள், வாலில் வரிகள் உள்ள ஒரு பறவை சிறகை நாலைந்து தரம் அடித்து, பிறகு மிதந்து, மரத்துக்குள் ஏறி உட்காரும். வைரி என்றுதான் நினைப்போம். சிறு பறவைகளையும் ஓணானையும் பிடிக்கிற வேட்டைப் பறவை. ஆனால் பாதி நேரம் அது அக்காக்குயிலாக இருக்கும். உருவம், பறக்கும் விதம், கிளையில் வந்து அமரும் தோரணை எல்லாவற்றிலும் வைரியை ஒத்திருக்கிறது. அந்த வேஷத்தால் அதற்கு ஆதாயம் உண்டு. அக்காக்குயில் கூடு கட்டாது. தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிடும். பருந்தினம் என்று அஞ்சி அவை கூட்டை விட்டுச் சற்று விலகினால் போதும். தவிட்டுக்குருவியின் முட்டை பளிச்சென்ற நீலம். அக்காக்குயிலின் முட்டையும் நீலம். வேஷம் முட்டைவரை போகிறது.

இரண்டையும் பிரிக்க முகத்தைப் பாருங்கள். வைரியின் அலகு குட்டை, நுனியில் கொக்கி, பார்வையில் முறைப்பு. கால் தடித்தது, நகங்கள் கூர்மை. குயிலின் அலகு மெல்லியது, ஏறத்தாழ நேரானது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கால் சின்னது. அக்காக்குயில் உட்கார்ந்ததும் வாலை இப்படியும் அப்படியும் ஆட்டும். வெயில் காலம் வந்தால் இந்தச் சிரமமே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்தி உயர்த்தி, தொண்டை கிழிகிறதோ என்று கேட்பவர் பயப்படுகிற அளவுக்குக் கத்தி, சட்டென்று நிறுத்தி, மறுபடி தொடங்கும். இரவிலும் விடாது. ஆங்கிலேயர்கள் இதற்கு மூளைக்காய்ச்சல் பறவை என்று பெயர் வைத்ததில் அவர்களுடைய தூக்கம் கெட்ட கோபம் தெரிகிறது.

குரலை வைத்தே முடிவு கட்டலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கட்டலாம். ஆனால் கரிச்சான் வைரியின் குரலை எழுப்பி மைனாக்களைக் கலைத்துவிட்டு இரையைத் தட்டிக்கொண்டு போவதும் உண்டு. தோட்டத்தில் யாரையும் முழுக்க நம்ப முடியாது. அவையும் ஏமாறுகின்றன என்றேனே, கார் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருக்கும் சின்னானைப் பற்றியும் தேன்சிட்டைப் பற்றியும் கேட்டிருந்தவர்களுக்கு: தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதாக அது தன் பிம்பத்தோடு சண்டை போடுகிறது. கண்ணாடியின் மேல் பழைய துணிப்பை ஒன்றை மாட்டிவிடுங்கள். இரண்டு பேருக்கும் நல்லது.

சின்னான் என்றதும் ஒரு படம் நினைவுக்கு வருகிறது. மதுரை வாசகர் அனுப்பியது. ‘கொண்டை இருக்கிறது, அதனால் சின்னான், ஆனால் முதுகு செங்கல் நிறம்’ என்று எழுதியிருந்தார். கண்ணைச் சுற்றி நீல வளையம் படத்தில் தெளிவாகவே தெரிகிறது. அது அரசவால் ஈப்பிடிப்பான். இளம்பறவையோ பெண்ணோ, வால் குட்டையாக இருப்பதால் அடையாளம் தெரியவில்லை. ஆணுக்கு நாடாபோல் நீண்ட வால் முளைக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வளர்ந்த ஆணுக்கு உடம்பு வெள்ளையாகவும் மாறும். குளிர்காலத்தில் நம் ஊர்களுக்கு வந்து தங்கிப்போகும் விருந்தாளி. சின்னான் பழத்துக்குப் போகும். இது நிழலில் உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும்.

இங்கே மாதம் ஒரு சாட்சியாகிறது. வேலிப் புதருக்குள் ஒளிந்துகொண்டு ‘டக்... டக்...’ என்று கூழாங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்கிறது, வெளியே வந்தால் எந்த அடையாளமும் இல்லாத வெறும் பழுப்பு என்று எழுதியவர்கள், அதை எந்த மாதத்தில் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். புரட்டாசிக்கும் சித்திரைக்கும் இடையில் என்றால் பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். மத்திய ஆசியப் பக்கமிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் நம் குரோட்டன்ஸ் வேலிக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆடி மாதத்தில் அது இங்கே இராது. ஆண்டு முழுக்க இருந்து, நெற்றி செம்பழுப்பாகி, முதுகு பச்சையாகி, வாலை நிமிர்த்திக்கொண்டு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய சத்தம் போடுவது தையல்சிட்டு. எலுமிச்சை இலையைத் தைத்துக் கூடு கட்டுவதும் அதுதான். கத்தும்போது அதன் கழுத்தின் பக்கத்தில் கறுப்பாகத் தெரிவதை இறகு என்று நினைப்போம். அது இறகு விலகித் தெரியும் தோல்.

தவிட்டுக்குருவிக் கூட்டம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: ‘மஞ்சள் அலகு’ என்று எழுதினால் பயனில்லை, இரண்டு இனத்துக்கும் அலகு மஞ்சள். தலை உச்சி வெளுத்துக் கண்ணும் வெளிறியிருந்தால் வெண்தலைச் சிலம்பன். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. நாம் பேர்கூடக் கேட்காமல் வாசல் கூட்டிக்கொண்டிருக்கிறோம். புறாக்களில், கழுத்தின் பின்னே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் என்றால் புள்ளிப்புறா, பின்கழுத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு என்றால் கள்ளிப்புறா, முன்கழுத்தில் கறுப்புப் பொட்டுகள் என்றால் சின்னத் தவிட்டுப்புறா. சாயங்கால வானத்தில் சுற்றுபவை தகைவிலானா உழவாரனா என்று பட்டிமன்றம் வேண்டாம்; மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்தால் தகைவிலான். உழவாரனால் கம்பியில் உட்காரவே முடியாது, அதன் கால் அமைப்பு அப்படி.

‘இப்படி இரண்டு குருவிகளுக்கு நடுவே என்ன வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டிருப்பது வேலையற்ற வேலை’ என்று ஒரு வாசகர் கண்டித்திருக்கிறார். அவருக்கு 1908ஆம் ஆண்டு மும்பையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிறுவன் ஒருவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். பார்த்தால் பெண் சிட்டுக்குருவி மாதிரிதான் இருந்தது. தொண்டையில் மட்டும் மஞ்சளாக ஒரு தீற்று. வீட்டில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. மாமா ஒரு கடிதம் கொடுத்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். கழகத்தின் செயலர் மில்லார்ட் அதை மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிறுத்தாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன் சாலிம் அலி. 1985இல் வெளியான தன் வரலாற்று நூலின் தலைப்பிலேயே அந்தக் குருவிக்கு இடம் கொடுத்தார். அந்தச் சிட்டு நம் ஊர்களிலும் உண்டு. ஆணின் தோளில் செம்பழுப்புத் திட்டு இருக்கும். மரப்பொந்தில் கூடு கட்டும். வேலிக்கருவையும் வெட்டவெளியுமான ஊர்க்காரர்கள் உங்கள் சிட்டுக்குருவிக் கூட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

கேமரா இல்லையே என்று சிலர் குறைப்பட்டிருக்கிறீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணனுடைய படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். கட்டுரைகளுக்குக் கோட்டோவியங்களையும் தானே வரைந்தார். ஒரு துளி நிறம் இல்லாமலே அது எந்தப் பறவை என்று தெரிந்துவிடும். நிற்கிற நிலையும் கழுத்தின் சாய்வும் காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் அவரளவுக்கு வரைய வேண்டியதில்லை. முட்டை வடிவத்தில் ஓர் உடம்பு, ஒரு தலை, அலகு, வால் போட்டு, எங்கே கோடு இருந்தது, எங்கே புள்ளி இருந்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால் போதும். செல்போனைத் தேடி எடுத்துப் பூட்டைத் திறப்பதற்குள் பறவை போய்விடும். இரண்டு நிமிடம் சும்மா பார்த்தவர்கள் எழுதியனுப்பிய குறிப்பு, மங்கலான பத்துப் படங்களைவிட எங்களுக்கு உதவியாக இருந்தது. பைனாகுலர் வாங்குவதும் அவசரமில்லை. அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். கொசு வராமல் தினமும் மாற்றுங்கள். வெயில் ஏறியதும் மைனாவும் சின்னானும் தவிட்டுக்குருவியும் ஒரே சட்டிக்கு வரும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அளவு தெரிகிற மாதிரி வேறெப்போதும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு சில பறவைகள் பிடிகொடுக்காமல் போகும். போகட்டும். உலகமெங்கும் பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் இ-பேர்ட் தளத்திலேயே, இனம் சொல்ல முடியாவிட்டால் ‘தேன்சிட்டு வகை’ என்று மட்டும் பதிய வழி வைத்திருக்கிறார்கள். ‘ஏதோ ஒரு தேன்சிட்டு, பெண், அலகு தெரியவில்லை’ என்று எழுதியவரின் குறிப்பை நான் மதிக்கிறேன். படத்தைச் செயலியில் போட்டு, அது முதலில் காட்டிய பெயரை அப்படியே எழுதியனுப்பியவர்களின் பட்டியலில், நம் நாட்டிலேயே இல்லாத பறவைகள்கூட இருந்தன.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பொங்கல் நெருங்கியிருக்கும். அந்த நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிப்ரவரியில் நான்கு நாட்கள், 1998இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று உலகெங்கும் பரவிவிட்ட வீட்டுத்தோட்டப் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, பார்த்த, கேட்ட பறவைகளை எல்லாம் எண்ணிக்கையோடு பதிவது. காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. கரும்பும் மஞ்சளும் வாங்கி வைத்த பிறகு கொல்லைப்புறத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், குழந்தைகளையும் உட்கார வையுங்கள்.

எங்களுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர், மாதம், நேரம், அளவு, அலகு, வால், செய்த காரியம் என்ற வரிசையில் எழுதுங்கள். நிறத்துக்கு ஒரு வரி போதும். உங்கள் பாட்டி அந்தப் பறவையை என்ன பெயரால் சொல்வார் என்பதையும் எழுதினால் மகிழ்வோம். பறவையின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குப் பெரிய தொந்தரவு. கூட்டை நெருங்கியோ இலையை விலக்கியோ எடுத்த படங்களை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நாங்கள் வெளியிடுவதாக இல்லை. தேர்ந்தெடுத்த குறிப்புகள் மாசி இதழில் வரும். கடிதங்கள் இம்மாதம் 25ஆம் தேதிக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்